தடைச் சட்டம் சொல்லும் உண்மை

"இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்கள்" என்று ஒரு சுவரில் எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? எல்லோரும் அங்கேதான் ஒட்டுகிறார்கள் என்று அர்த்தம்! பழைய மதச் சட்டங்களை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

சுமார் 1,700 வருடங்களுக்கு முன் ஸ்பெயினில் எல்விரா என்ற ஊரில் ஆயர்கள் கூடினார்கள். யூதரோடு உட்கார்ந்து சாப்பிடாதே, யூதருக்குப் பெண் கொடுக்காதே, உன் வயலை ஆசீர்வதிக்க யூதரைக் கூப்பிடாதே என்று கிறிஸ்தவர்களுக்குத் தடை போட்டார்கள். அப்படியென்றால் அதுவரை ஒரே பந்தி, சம்பந்தம், விளைச்சலுக்குப் பக்கத்து வீட்டு யூதரின் ஆசி எல்லாமே நடந்திருக்கிறது. சாதாரண ஜனங்கள் ஒழுங்காகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆனால் தடையும் விடவில்லை. 506ல் கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) கூடிய ஆக்த் சங்கம், சேர்ந்து சாப்பிடக் கூடாது என்று மறுபடியும் சொன்னது. 1215ல் நான்காம் லாத்தரன் சங்கம், யூதர்கள் உடையிலேயே தனியாகத் தெரிய வேண்டும் என்றது. பந்தியில் ஆரம்பித்தது சட்டைக்கு வந்துவிட்டது.

இது ஏதோ ஐரோப்பாக் கதை என்று நினைக்காதீர்கள். 1704ல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். கிறிஸ்தவ மேளக்காரர்களும் குழல் ஊதுபவர்களும் இந்துக் கோயில் விழாக்களில் வாசிக்கக் கூடாது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. ஆக, நம் ஊரிலும் சாமிக்கு மேளம் கொட்டியவர்களில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்! அது அவர்கள் பிழைப்பு. வருமானம் போனால் என்ன செய்வார்கள் என்று ஆணை யோசிக்கவில்லை.

அதே ஆணையில் ஒரு நல்ல விஷயமும் இருந்தது. நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் பாதிரியார்கள் போயே ஆகவேண்டும். மேல்சாதியினர் விலகிவிடுவார்கள் என்று பயந்து அதுவரை பலர் போகவில்லை. இதற்கும் விளக்கம், மேல்முறையீடு! கடைசியில் 1744ல் போப் பதினான்காம் பெனடிக்ட், அந்த மக்களுக்கென்று தனிப் பாதிரியார்களை வைக்கும் ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார். வடக்கன்குளம் தேவாலயத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த சுவர் 1910ல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் கோர்ட்டில் வழக்கு!

என் கருத்து இதுதான். பக்கத்து வீட்டுக்காரனோடு பழகாதே என்று சொல்வதில் இருந்த கண்டிப்பில் பாதியாவது, சொந்த வீட்டுக்குள் இருந்த சுவரை இடிப்பதில் இருந்திருக்க வேண்டும். இது ஒரு மதத்தின் தவறு மட்டுமில்லை. இன்றைக்கும் யாராவது "அவங்க கடையில வாங்காதே, அவங்க வீட்டுல சாப்பிடாதே" என்று ஆரம்பித்தால், அவர்கள் வீட்டுக்குள் என்ன சுவர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.