கட்சி வீட்டிலிருந்து, கருத்து கருவிலிருந்தா?

1933-இல் டிரினிடாடில் பிறந்த ஒருகரு இரட்டையர் அவர்கள். கைக்குழந்தைகளாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்தார்கள். ஒருவர் ஜெர்மனியில் கத்தோலிக்கராக வளர்ந்து ஹிட்லரின் இளைஞர் படையில் சேர்ந்தார். மற்றவர் யூதத் தந்தையிடம் வளர்ந்து, பின்னாளில் இஸ்ரேல் கடற்படையில் பணியாற்றினார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பூஷார்ட் அவர்களை ஆராய்ந்தபோது, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டும் பழக்கம்கூட இருவருக்கும் இருந்தது. அரசியல் மட்டும் ஒட்டவில்லை.

அப்படியென்றால் அரசியலில் மரபணுவுக்கு வேலையே இல்லையா? ஒரு ஜோடியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆயிரக்கணக்கான ஜோடிகள் வேண்டும்.

அமெரிக்க அரசியல் அறிஞர்கள் ஜான் ஆல்ஃபோர்டு, கரோலின் ஃபங்க், ஜான் ஹிப்பிங் மூவரும் 2005-இல் அதைத்தான் செய்தார்கள். வர்ஜீனியாவில் ஏற்கெனவே திரட்டப்பட்டிருந்த இரட்டையர் தகவல்களை எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் பிரார்த்தனை, சொத்து வரி என 28 விஷயங்களில் அவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டிருந்தது. கணக்கின் அடிப்படை எளிது. ஒருகரு இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று. இருகரு இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. இரு வகையினரும் வளர்வது ஒரே வீட்டில். முதல் வகையினர் கூடுதலாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதலை மரபணுவின் பெயரில் எழுதலாம்.

பழமைவாதியா, தாராளவாதியா என்பதில் மக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 53 சதவீதம் மரபணுவின் பங்கு, வளர்ந்த வீட்டின் பங்கு வெறும் 11 சதவீதம் என்று விடை வந்தது. எந்தக் கட்சி என்று கேட்டதும் கணக்கு தலைகீழானது: மரபணு 14, வீடு 41. அப்பாவின் கட்சி பிள்ளைக்கு வருவது ரத்தத்தால் அல்ல, சாப்பாட்டு நேரப் பேச்சால். ஆய்வின் ஆகச் சுவையான பகுதி இதுதான். ஆனால் பலர் பிடித்துக்கொண்டது அந்த 53-ஐ மட்டும்.

அந்த எண்ணையும் பார்த்துத்தான் கையாள வேண்டும். ஒருவருடைய கொள்கையில் பாதி மரபணுவிலிருந்து வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. தவிர, ஒருகரு இரட்டையருக்கு ஒரே சட்டை, ஒரே நண்பர் கூட்டம். ஊரே இருவரையும் ஒருவராகப் பார்க்கிறது. அவர்களுடைய ஒற்றுமையில் இதற்கும் பங்கு இருக்காதா என்று 2008-இல் ஜான் பெக்வித், கோரி மோரிஸ் இருவரும் கேட்டது நியாயமான கேள்வி.

அதே 2008-இல் ஜேம்ஸ் ஃபௌலரும் கிறிஸ்டோபர் டாஸும் வாக்களிக்கும் பழக்கத்தோடு தொடர்புடைய இரண்டு மரபணுக்களைக் காட்டினார்கள். தலைப்புச் செய்திக்கு ஏற்ற சரக்கு! 2012-இல் இவான் சார்னி, வில்லியம் இங்கிலீஷ் இருவரும் அதே தரவுகளைத் திரும்ப அலசியபோது அந்த முடிவு நிற்கவில்லை. அரசியல் நாட்டத்துக்கு மரபணுக்கள் காரணமானால், அவை எண்ணற்றவை. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ‘ஓட்டுப் போடும் மரபணு’ கண்டுபிடிப்பு என்று இனி எங்காவது படித்தால், வாசகர்கள் அதை நம்ப வேண்டாம்.