ஒசாகா போனால் ஒரு நாள் கோஷியனுக்கு

வரும் மார்ச் மாதம் நாங்கள் நால்வர் ஜப்பானுக்குப் போகிறோம். பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பு முடிகிறது. எங்களில் இருவர் அடுத்த சில வாரங்களில் தேசிய சேவைக்குப் போய்விடுவார்கள். நால்வருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு இனி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கையிலிருக்கும் ஏழு நாளை எப்படிச் செலவழிப்பது என்பதில் பெரிய சண்டை.

பட்டியலில் முதலில் ஏறியது யுனிவர்சல் ஸ்டூடியோஸ். அதுதான் செந்தோசாவிலேயே இருக்கிறதே என்றேன். “அது வேற, இது வேற” என்றார்கள். சரி, எனக்கு ஒரே ஒரு நாள் கொடுங்கள், கோஷியன் அரங்கில் பள்ளி மாணவர்கள் ஆடும் பேஸ்பால் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வாட்ஸ்அப் குழுவில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் எழுதினான்: “நீ கிரிக்கெட்டே பார்க்க மாட்டியே, உனக்கு எதுக்குடா பேஸ்பால்?”

நியாயமான கேள்விதான். அங்கே பதில் சொல்ல இடம் போதவில்லை, இங்கே சொல்கிறேன்.

அனிமே பார்ப்பவர்களுக்குக் கோஷியன் என்ற பெயர் பழக்கமானதாக இருக்கும். ஒசாகாவுக்குப் பக்கத்தில் நிஷினோமியா நகரில் உள்ள பேஸ்பால் அரங்கம் அது. 1924 ஆகஸ்ட் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. ஏறக்குறைய 47,000 பேர் உட்காரலாம். ஹன்ஷின் டைகர்ஸ் என்ற தொழில்முறை அணியின் சொந்த மைதானம். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் நாடு தழுவிய உயர்நிலைப் பள்ளிப் போட்டி அங்கே நடக்கும்போது அந்த அணி வெளியேறிவிடும். பெருந்தொகை சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் 17 வயதுப் பிள்ளைகளுக்கு இடம் விட்டுவிட்டு வேறு ஊர்களில் ஆடுகிறார்கள். பருவத்தின் நடுவில் சொந்த மைதானத்தை விட்டுக்கொடுப்பது எந்த அணிக்கும் சுலபமல்ல. இருந்தும் ஆண்டுதோறும் அது நடக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் படித்த உயர்நிலைப் பள்ளியின் மென்பந்து அணி ஓராண்டு இறுதிச் சுற்றுவரை போனது. மறுநாள் காலைக் கூட்டத்தில் அறிவித்தார்கள், கைதட்டினோம், வகுப்புக்குப் போய்விட்டோம். அந்த ஆட்டத்தைப் பார்க்கப் போகலாம் என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை. அணியில் இருந்த ஒரு மாணவி என் தமிழ் வகுப்பில்தான் இருந்தார்.

கோஷியனில் தோற்ற அணி மைதானத்து மண்ணைக் கைநிறைய அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பும் வழக்கம் உண்டு. 1958ஆம் ஆண்டு ஒக்கினாவா தீவிலிருந்து முதல்முறையாக ஓர் அணி வந்தது. ஷுரி உயர்நிலைப் பள்ளி. முதல் ஆட்டத்திலேயே தோற்றது. அவர்களும் மண்ணை அள்ளிக்கொண்டார்கள். ஆனால் ஒக்கினாவா அப்போது அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. சட்டப்படி ஜப்பானிய மண் வெளிநாட்டு மண். தாவர நோய்த் தடுப்பு விதியைக் காட்டி அதை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். நாஹா துறைமுகத்தில் அந்த மண் கடலுக்குப் போனது. செய்தி அறிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் சிப்பந்திகள் கோஷியனிலிருந்து சிறு கற்களைச் சேகரித்து அந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கல்லுக்கு அந்த விதி பொருந்தாதல்லவா! ஒக்கினாவா 1972இல்தான் ஜப்பானிடம் திரும்பியது. 2010இல் ஒக்கினாவாவின் கோனான் பள்ளி கோஷியனின் வசந்தகாலப் போட்டி, கோடைப் போட்டி இரண்டையும் வென்றது.

என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்தது அதைவிட அண்மைய கதை ஒன்று. கோஷியனில் ஆட்டம் முடிந்ததும் வென்ற பள்ளியின் பாடல் ஒலிபரப்பாகும். அணியினர் வரிசையாக நின்று சேர்ந்து பாடுவார்கள். தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்க்கும். 2024 கோடைப் போட்டியை வென்றது கியோத்தோ அனைத்துலக உயர்நிலைப் பள்ளி. ஜப்பானில் வாழும் கொரியர்கள் 1947இல் தொடங்கிய பள்ளி அது. மொத்தமே 160 மாணவர்கள் போலத்தான். 1999இல் பேஸ்பால் குழு அமைத்து ஆடிய முதல் ஆட்டத்தில் 34-0 என்று தோற்றவர்கள், 25 ஆண்டுகளில் கோஷியன் வெற்றியாளர்கள். அந்தப் பள்ளியின் பாடல் கொரிய மொழியில் உள்ளது. ஆக, ஜப்பானின் ஆகப் புகழ்பெற்ற மைதானத்தில், இறுதியாட்டம் முடிந்த கையோடு, கொரிய மொழிப் பாடல் ஒலித்தது. பாடிய பையன்களில் பெரும்பாலோர் ஜப்பானியர்கள்!

எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இணையத்தில் வெறுப்புப் பதிவுகள் குவிந்தன. கியோத்தோ ஆளுநரே அவற்றைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது. ஆனாலும் பாடல் பாதியில் நிறுத்தப்படவில்லை.

அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உயர்நிலை இரண்டில் இருந்தபோது தீபாவளிக் கொண்டாட்டத்தில் மண்டபத்தில் தமிழ்ப் பாட்டு போட்டார்கள். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன்? காலணிக் கயிறு அவிழ்ந்ததுபோலக் குனிந்துகொண்டேன். ஆயிரம் பேர் மண்டபத்தில் ஒரு பாட்டுக்கே தலைகுனிந்த எனக்கு, பல்லாயிரம் பேர் நடுவில் தம் மொழியல்லாத மொழியில் வாய்திறந்து பாடிய அந்தப் பையன்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர்கள் நின்ற இடத்தை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது அதனால்தான். பேஸ்பால் விதிகளை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். எங்களைப்போல் போக நினைப்பவர்களுக்கு உதவலாம். கோடைப் போட்டி ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பமாகும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு அப்போது தேர்வு நெருங்கும் நேரம். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் பருவம் தொடங்குமுன் முதல் சில நாள்களைப் பிடிக்கலாம். ஆனால் வெயில் கடுமை. அதனால்தான் 2024 முதல், தொடக்க நாள்களில் நண்பகலில் ஆடாமல் காலையிலும் மாலையிலுமாக ஆட்டங்களைப் பிரித்து நடத்துகிறார்கள். எங்களுக்கு ஏற்றது மார்ச் பிற்பகுதியில் தொடங்கும் வசந்தகாலப் போட்டி. எந்தெந்தப் பள்ளிகள் என்பது ஜனவரியில் தெரியும். யாருடன் யார் மோதுவார்கள் என்பது குலுக்கல் முடிந்த பிறகுதான்.

மழை பெய்தால் ஆட்டம் தள்ளிப்போகும். போட்டியின் பிற்பகுதியில் ஓய்வு நாள்களும் உண்டு. விமானச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரே தேதியை நம்பிப் போனால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். மறுநாளையும் பாதியாவது காலியாக வைத்திருப்பது நல்லது. அரங்கிலேயே ஓர் அருங்காட்சியகம் இருப்பது சிறு ஆறுதல். போக்குவரத்தில் சிரமமே இல்லை: ஒசாகா உமேடாவிலிருந்து ஹன்ஷின் ரயிலில் சுமார் கால் மணி நேரம், நிலையத்தை விட்டு இறங்கினால் அரங்கம்.

நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வெளிவட்ட இருக்கைகள் மலிவு. கேளிக்கைப் பூங்காக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு குறைவு. (2017வரை கோடைப் போட்டிக்கு அந்த இருக்கைகள் இலவசமாகவே இருந்தன. தாமதமாகப் பிறந்துவிட்டோம்.) எனக்குப் பிடித்தது ‘ஆல்ப்ஸ்’ என்று அழைக்கப்படும் பக்கவாட்டு இருக்கைகள். அங்கேதான் பள்ளிகளின் வாத்தியக் குழுக்களும் உற்சாகப்படுத்தும் மாணவர்களும் கூட்டமாக இருப்பார்கள். அவர்களுக்கு அருகில் உட்கார இடம் கிடைத்தால் போதும், ஆட்டம் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

சாப்பாட்டுக்கு, அரங்கம் திறந்த காலத்திலிருந்தே விற்கப்படும் கோஷியன் கறிச்சோறு இருக்கிறது. நூறாண்டாக ஜப்பானியர்கள் பேஸ்பால் பார்த்துக்கொண்டே கறி சாப்பிடுகிறார்கள் என்பதைக் கேட்டதும்தான் குழுவில் ஒருவன் என் பக்கம் சாய்ந்தான். என்ன இறைச்சி என்று கேட்டுவிட்டு வாங்கும்படி அவன் அம்மா சொல்லியிருக்கிறார்.

இப்போதைய நிலவரம்: எனக்கு ஒரு நாள் கிடைத்திருக்கிறது, மழை பெய்தால் மறுநாள் மதியம்வரை. யுனிவர்சல் ஸ்டூடியோஸைப் பட்டியலிலிருந்து நீக்க முடியவில்லை.