பாலத்தைக் கரையென்று சொல்லாதீர்

2021-ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் புகுந்திருந்த நேரம். மூச்சுத் திணறிய முதிய மீனவர் ஒருவரை அவருடைய மகன் ஊர்தியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி வழியாகச் சென்னைக்கு விரைந்தார். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் கடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் படுக்கை இல்லை. வாயிலில் ஊர்திகள் வரிசையாக நின்றன. உடன் வந்த பணியாளர், தம் கை ஓய்ந்தபோது, முகமூடியோடு பொருத்திய ரப்பர்ப் பையை மகனிடம் கொடுத்து, ஐந்துவரை எண்ணி ஒருமுறை அழுத்தச் சொன்னார். இரண்டரை மணி நேரம் அம்மகன் அழுத்தினார். பிறகு படுக்கை கிடைத்தது. மூன்றாம் நாள் தந்தை இறந்தார்.

சில மாதங்களுக்குப் பின் இந்நிகழ்ச்சியை நாம் மறையுரையில் எடுத்துச் சொன்னோம். இயந்திரம் கிட்டாத இடத்தில் அன்பின் கரங்கள் உயிர்மூச்சு ஊட்டின என்று உருக்கமாகவே பேசினோம். கேட்டவர்கள் கண்கலங்கினர். திருப்பலி முடிந்ததும் அம்மகன் நம்மிடம் வந்து நின்றார். "சாமி, நான் அழுத்துனது பாசத்துல இல்ல, பயத்துல. கை மரத்துப்போனப்ப, நைனாவ நானே கொல்றனோன்னு இருந்துச்சு. அத நல்ல கதையா சொல்லாதீங்க சாமி" என்றார்.

அன்று நமக்குப் பதில் வரவில்லை. இக்கட்டுரையே அவருக்கு நாம் தரும் காலங்கடந்த பதில்.

அந்தப் பையைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. நோயாளிகள் வந்து குவிந்த பிளெக்டம் மருத்துவமனையில் இரும்பு நுரையீரல் எனப்படும் கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூச்சுத் தசைகள் செயலிழந்தோருள் பெரும்பாலோர் மாண்டனர். அப்போது பியோன் இப்சன் என்னும் மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்து அழுத்தினர். மொத்தம் 1,65,000 மணி நேரம். சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அழுத்தி விட்டவுடன் தானே விரியும் இன்றைய 'ஆம்பு' பையை, அந்நாட்டின் மற்றொரு மருத்துவரான ஹென்னிங் ரூபன் உருவாக்க, அது 1956-இல் விற்பனைக்கு வந்தது.

ஆனால், கோபன்ஹேகன் அத்தோடு நிற்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அடுத்த ஆண்டே இப்சன் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். ஸ்வீடனின் எங்ஸ்ட்ரோம் உருவாக்கியது போன்ற சுவாச இயந்திரங்கள் மாணவரின் கைகளுக்கு ஓய்வு தந்தன. கைகளைக் கடனாகப் பெற்றவர்கள் அக்கடனை அடைத்தார்கள். நம் நாடோ அதே கடனை ஏழைகளின் கைகளிலிருந்து மீண்டும் மீண்டும் வாங்குகிறது. 2017 ஆகஸ்டில் கோரக்பூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆக்சிஜன் வரத்து தடைபட்டபோது, பிள்ளைகளைப் பெற்றவர்களின் கையில் கொடுக்கப்பட்டதும் இதே பைதான்.

"எந்த இயந்திரத்துக்கு மனிதக் கையின் பரிவு உண்டு?" என்று பக்தியுள்ளோர் கேட்கின்றனர். பரிவு கணக்கறியாது, நுரையீரலுக்கோ கணக்கு வேண்டும். ஐந்து நொடிக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 720 முறை, நாளுக்கு 17,000-க்கும் மேல். கொரோனா நோயாளி பலருக்கு வாரக்கணக்கில் மூச்சுத்துணை தேவைப்பட்டது. பெரியவர்களுக்கான பை ஒன்றரை லிட்டர் அளவு காற்றுக் கொள்ளும். ஒரு மூச்சுக்கு வேண்டியது அரை லிட்டர் அளவே. பதறிய கை மிகுதியாக அழுத்தினால் நுரையீரல் காயப்படும். சோர்ந்த கை குறைவாக அழுத்தினால் மூச்சு போதாது. இறுகிப்போன கொரோனா நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாதிருக்க, மூச்சு வெளியேறிய பின்னும் உள்ளே சிறிது அழுத்தம் நிற்க வேண்டும். தனி அடைப்பிதழ் பொருத்தாத பை அதைத் தராது. கிருமி வடிகட்டி இல்லையேல், அழுத்துகிறவரின் முகத்திலேயே நோய் வீசும். இயந்திரம் இவற்றையெல்லாம் அளந்து தருகிறது. பிழை நேர்ந்தால் ஒலியெழுப்புகிறது. மகனின் கைக்கு ஒலியெழுப்ப யார் இருந்தார்?

"ஏழை நாட்டுக்கு இது போதாதா?" என்பது நடைமுறை அறிந்தோரின் கேள்வி. 2020 ஏப்ரலில், பத்தே நாளில் செய்யப்பட்டதாகப் புகழப்பட்ட ஒரு கருவியைக் குஜராத் அரசு மருத்துவமனைகளில் நிறுவினர். பையை இயந்திரம் கொண்டு அழுத்துவதற்கு மேல் அது அதிகம் செய்யாது என்று மருத்துவர்கள் குறைகூறினர். அடுத்த மாதமே அகமதாபாத் அரசு மருத்துவமனைப் பொறுப்பாளர், உயர்தர வென்டிலேட்டர்கள் தேவை என்று எழுத வேண்டியதாயிற்று. ஒன்றுமில்லாத வேளையில் ஏதோ ஒன்று உதவலாம். அந்த ஏதோ ஒன்றுக்கு வென்டிலேட்டர் என்று பெயர் சூட்டுவது உதவியாகாது.

"வென்டிலேட்டரில் வைத்தவர்கள் பலரும் இறந்தார்களே" என்பாரும் உளர். உண்மை. வேளையோடு கிடைத்த ஆக்சிஜனும், குப்புறப் படுக்கவைத்துக் கவனித்த செவிலியரும் இயந்திரத்தைவிட மிகுதியான உயிர்களைக் காத்திருக்கக்கூடும். ஆனால், இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பது படுக்கையருகே மருத்துவர் ஆய்ந்து சொல்ல வேண்டியது. குப்பத்து மனிதருக்கு மட்டும் அதைத் தூரமும் வறுமையும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

இறையியல் கற்றோரும் ஒரு வாதத்தைக் கொண்டுவருகின்றனர். 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், இயல்பான வழிகளைக் கையாளவே நாம் பொதுவாகக் கடமைப்பட்டுள்ளோம் என்றும், இயல்பானது எது என்பது ஆள், இடம், காலம் ஆகியவற்றைப் பொறுத்தது என்றும் கற்பித்தார். செயற்கைச் சுவாசம் பற்றிய வினாவுக்கு விடையாகவே அவ்வுரை அமைந்தது. ஆகவே ஏரிக்கரையில் வென்டிலேட்டர் இயல்புக்கு மீறிய வழி என்கின்றனர். எவ்வளவு பெரிய திரிபு! தாங்கவியலாச் சுமையை நோயாளியின் மனச்சான்றின்மீது ஏற்றாதிருக்கவே அப்போதனை எழுந்தது. அது துன்புறுகிறவருக்குத் திறந்த கதவு. ஆளுகிறவர்கள் தப்பியோடும் கதவன்று.

மேலும் ஒன்றை ஒத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் இத்தாலிய குரு ஒருவர், தம் சுவாச இயந்திரத்தை இளையவர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்து இறந்தார் என்ற செய்தியை நம்மில் பலர் பரப்பினோம். அவர் இறந்தது உண்மை. இயந்திரத்தைப் பற்றிய கதை உண்மையன்று என்று அவருடைய மறைமாவட்டத்தாரே பின்னர் தெளிவுபடுத்தினர். அக்கதை நமக்கு ஏன் இனித்தது? இயந்திரம் ஏன் போதவில்லை என்று கேட்கும் கடமையிலிருந்து அது நம்மை விடுவித்தது. நம் மறையுரையும் அதையே செய்தது.

அப்படியானால் இயந்திரத்தை இறக்கிவிட்டால் போதுமா? 2020 மே மாதம் 50,000 வென்டிலேட்டர்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அவ்வாறு வந்தவற்றுள் பல பழுதாயிருந்ததைப் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு 2021-இல் கடிந்துரைத்தது. மின்சாரமும் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற கையும் இல்லாத இடத்தில் வென்டிலேட்டர் வெறும் பெட்டி. அது நின்றுபோகும் கணத்தில் நோயாளியைக் காப்பதும் அதே சுவாசப் பையே. ஆகவே இரண்டும் வேண்டும். பை பாலம், தீவிர சிகிச்சை கரை. பாலத்தின் நடுவில் மனிதரை நிறுத்திவிட்டுக் கரை சேர்த்தோம் என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறோம்.

ஏரிக்கரை மக்களுக்கு இது புரியாததன்று. முகத்துவாரம் மணலால் அடைபடும்போது ஏரியே மூச்சுத் திணறுகிறது. ஊரார் தாமே பணம் திரட்டி மணலை அகற்றியதுண்டு. கை திறந்ததைக் கடல் மூடியது. எனவே நிலையான தடுப்புச்சுவர் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டனர். "உங்கள் மண்வெட்டியில் எவ்வளவு அன்பு!" என்று யாரேனும் பாராட்டி அனுப்பியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பர். மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிரும் பாட்டு முறையை வழிவழியாக உடையவர்கள் அவர்கள். அதில் இடம்பெறாதோரும் அங்கே உண்டு என்பது தனிக் குறை. ஆயினும், வறியவன் என்பதற்காகப் பாட்டுக்காரன் ஒருவனின் முறை பறிபோகலாகாது என்னும் நீதி அதில் உண்டு. மூச்சுக்கு மட்டும் அந்நீதி இல்லையா?

நல்ல சமாரியரின் உவமையை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். அவர் தம் கையால் காயங்களைக் கட்டினார். ஆனால் அடிபட்டவரை வழியோரத்திலேயே விட்டுவிடவில்லை. சாவடிக்குக் கொண்டுபோனார், பணம் கொடுத்தார், மேலும் செலவானால் தருவதாகப் பொறுப்பேற்றார். கை முதலில், சாவடி பின்னர். சாவடி இல்லாத இரக்கத்தை ஆண்டவர் நமக்கு முன்மாதிரியாகக் காட்டவில்லை.

எனவே, அன்பார்ந்த இறைமக்களே, அன்பியக் கூட்டங்களில் செபித்து முடித்தபின் சில கேள்விகளையும் கேளுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் உண்டா? சுவாசப் பையை முறையாகக் கையாளப் பழகியவர் இரவிலும் இருக்கிறாரா? அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் வென்டிலேட்டர் இயங்குகிறதா, உறையிட்டு நிற்கிறதா? இக்கேள்விகளை ஆட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். நம் திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளிடமும் கேளுங்கள். எழை வந்து நின்றால் கதவு திறக்குமா என்று கேளுங்கள். அந்த மகனைப் பற்றி இனி நாம் மறையுரை ஆற்றினால், அவர் எப்படி அழுத்தினார் என்பதைச் சொல்லமாட்டோம். அவர் ஏன் அழுத்த நேர்ந்தது என்பதையே சொல்வோம்.