ஊர் மரங்களை ஊரிடம் கொடுங்கள்

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் கன்று நடும் படங்களுக்குக் குறைவிருக்காது. ஆனால் தமிழ்நாட்டின் கிழக்கு மாவட்டங்களில் அது கத்திரி வெயில் முடிந்த கையோடு வரும் நாள். ராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ அன்று வைத்த கன்று ஐப்பசி மழையைப் பார்க்க வேண்டுமானால், நாலு மாதத்துக்கு யாராவது குடம் தூக்கியாக வேண்டும். அந்த ‘யாராவது’ யார் என்பதை விழா அழைப்பிதழ் சொல்வதில்லை. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப்பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்தும் இலக்கோடு வந்தது. இலக்கில் பிழையில்லை. எத்தனை கன்று வைத்தோம் என்று எண்ணுவதைவிட, வைத்ததும் ஏற்கெனவே நிற்பதும் யார் பொறுப்பு என்று தீர்மானிப்பதுதான் இப்போதைய தேவை. ஊர்ப் பொது மரங்களின் பராமரிப்பும் பலனும் கிராம ஊராட்சியிடம் முழுமையாக ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

இன்று அவற்றுக்குப் பல எஜமானர்கள். சாலையோரத்தில் நின்றால் நெடுஞ்சாலைத் துறை, ஏரிக்கரையில் நின்றால் நீர்வளத் துறை, புறம்போக்கில் நின்றால் வருவாய்த் துறை, கிளை கம்பியைத் தொட்டால் மின்வாரியம். பேருந்து நிறுத்தத்து வேம்பு ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இதன் விளைவு தெரியும். அடிமரத்தை ஒட்டித் தார் போட்டிருப்பார்கள், வேருக்குச் சொட்டுத் தண்ணீர் இறங்காது. கன்றாக இருந்தபோது வைத்த இரும்புக் கூண்டை யாரும் கழற்றாததால் பட்டை அதை விழுங்கிக்கொண்டிருக்கும். மேலே டியூஷன் விளம்பரம் ஆணியில் தொங்கும். கீழே குப்பை எரித்த கரி. கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழித்ததில் பாரம் மறுபக்கம் சாய்ந்திருக்கும். குழாய்க்குப் பள்ளம் தோண்ட வரும் பொக்லைன், தாங்கிப் பிடித்திருந்த எதிர்ப்பக்க வேரையும் அறுத்துவிடும். அப்புறம் அது விழுந்தால் பழி புயல்மேல். வர்தாவிலும் கஜாவிலும் சாய்ந்தவற்றில் இப்படி முன்பே பலவீனப்படுத்தப்பட்ட மரங்களும் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

நாம் கேட்பது புதிய ஏற்பாடல்ல. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த பதினோராவது அட்டவணை, சமூகக் காடு வளர்ப்பை ஊராட்சிகளுக்குரிய பொருள்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. புறம்போக்கு நிலத்தில் மரம் வளர்த்தவருக்கு, நிலத்தின் மீது உரிமை தராமல் மகசூலை மட்டும் அனுபவிக்க வழிசெய்யும் 2சி பட்டா வருவாய்த் துறையில் நெடுங்காலமாக உண்டு. சாலையோரப் புளி ஆண்டுதோறும் ஏலம் போகிறது. ஏலம் எடுத்தவர் உலுக்கிக்கொண்டு போவார். பட்டுப்போன மரத்துக்குப் பதில் ஒரு கன்று வைக்க அந்தப் பணத்திலிருந்து இவ்வளவு என்று ஒதுக்கிவைப்பதைக் காண்பது அரிது. பலன் ஓரிடம், பாடு ஓரிடம் என்றிருந்தால் பாடுபட யார் வருவார்கள்? கர்நாடகத்தின் ஹுலிகல் கிராமத்து சாலுமரத திம்மக்கா கணவரோடு தண்ணீர் சுமந்து, முள் வேலி கட்டி, சாலையோரம் நூற்றுக்கணக்கான ஆலமரங்களை ஆளாக்கினார். 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு சாலை விரிவாக்கம் அந்த மரங்களை நெருங்கியபோது, முதல்வரிடமே அவரால் முறையிட முடிந்தது. மாற்று வழி பார்ப்பதாக உறுதியும் கிடைத்தது. முறையிட ஒரு திம்மக்கா இல்லாத ஊரின் ஆலமரத்துக்கு அந்த வாய்ப்பில்லை. தனியொருவரின் தியாகத்தைக் கொண்டாடுவது அரசுக்கு எளிது. அதன் பெயரால் ஓர் அமைப்பை உருவாக்காமல் தப்பித்துக்கொள்வதை ஏற்க முடியாது.

ஊராட்சியிடம் கொடுத்தால் மரத்தையே வெட்டி விற்றுவிடுவார்கள் என்பார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஏலத்தில் கூட்டுச் சேர்ந்துகொள்வது நம் ஊர்களுக்குத் தெரியாத வித்தையா என்ன? அதனால்தான் காய், பழம், பட்டுப்போன கிளை வரையிலான பலனை மட்டும் ஊராட்சிக்குக் கொடுத்து, வெட்டும் அனுமதியை மேலே வைத்திருக்கச் சொல்கிறோம். அதற்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. விண்ணப்பம் அங்கே போகுமுன் கிராம சபையின் கருத்தைக் கேட்பது கட்டாயமாகட்டும். சாலை வேண்டாமா என்ற கேள்விக்கும் இதுவே பதில்: சாலை வேண்டும், ஆனால் வெட்டிய மரத்துக்குப் பத்துக் கன்று என்ற கணக்கு ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. ஐம்பது வயதுப் புளியமரத்தின் நிழலை இடுப்பளவுக் கன்றுகள் பத்துச் சேர்ந்தாலும் தராது. அவையும் வேறெங்கோ நடப்பட்டால் இந்த ஊருக்கு மிச்சம் வெயில்தான். ஊராட்சிக்கு மரம் பற்றிய அறிவில்லை என்பது இருப்பதிலேயே நொண்டியான வாதம். எந்தக் கிளை முறியும் என்று சொல்ல வனத்துறை அலுவலர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளவும், தண்ணீர் ஊற்றவும் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த வேலைக்குக் கூலிதான் வேண்டும்.

ஆகவே அரசு செய்ய வேண்டியது: ஒவ்வொரு ஊராட்சியிலும் பொது மரங்களுக்கு எண்ணிட்டு ஒரு பதிவேடு, புதிய கன்றுக்கு மூன்று ஆண்டு தண்ணீர்க் கூலியை நடவுச் செலவோடு சேர்த்தே ஒதுக்குவது, மர மகசூல் வருவாயை மரங்களுக்கென்றே தனிக் கணக்கில் வைப்பது. ஆணை வரும்வரை ஊர் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவைக் கேட்கும்போது, போன ஆண்டு நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதையும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.