தமிழ் எழுத்து வெட்டுகிற கைக்கு எந்தப் பிடி?

என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். ஜிக்சோ வாங்கப் போகிறீர்கள் என்றால், மோட்டார் எத்தனை ஆம்ப், பெட்டிக்குள் எத்தனை பிளேட் என்று பார்க்க முதல் பிடியைப் பாருங்கள். கைக்குச் சரிவராத மெசினில் மற்றது எல்லாம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

ஜிக்சோவில் இரண்டு வகைப் பிடி உண்டு. ஒன்று டி ஹாண்டில். மெசினின் மேலே வளைந்த கைபிடி இருக்கும். சூட்கேசைத் தூக்குவதுபோலப் பிடித்து, ஒரு விரலால் டிரிகரை அழுத்த வேண்டும். மற்றது பரல் கிரிப். இதில் தனிக் கைபிடியே இல்லை. மோட்டார் இருக்கிற உடம்பையே, தடித்த டோர்ச் லைட்டைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும். சுவிட்சை ஒரு தரம் தள்ளினால் ஓடும். திரும்பத் தள்ளினால்தான் நிற்கும்.

எது திறம் என்று கேட்டால், கம்பனிகளே ஒரு பதில் சொல்வதில்லை. பொஷ் நிறுவனத்தின் ஜேஎஸ்470ஈ என்பது டி ஹாண்டில், ஜேஎஸ்470ஈபி என்பது பரல். இரண்டுக்கும் அதே 7 ஆம்ப் மோட்டார், அதே 1 அங்குல அசைவு, நிமிடத்துக்கு அதே 500 முதல் 3,100 வெட்டு. மக்கீட்டாவும் 4350, 4351 என்று இப்படி ஒரு சோடி வைத்திருக்கிறது. மெசினின் வேலை ஒன்றுதான், உங்கள் கைதான் வேறு. ஆனால் ரொறன்ரோவில் கடைத் தட்டுக்குப் போனால் கண்ணில் படுவது பெரும்பாலும் டி ஹாண்டில்தான். அதனால் பலருக்கு மற்றது இருப்பதே தெரியாது.

எங்கள் ஆட்களுக்கு இது ஏன் முக்கியம்? நாங்கள் ஜிக்சோவைத் தேடுகிற நேரத்தை யோசித்துப் பாருங்கள். ஜனவரி வந்தால் பொங்கல், தமிழ் மரபுத் திங்கள். பிறகு தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா, நாடகம், கலைவிழா. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எத்தனையோ பேஸ்மென்ட்களில் யாரோ ஒருவர் பிளைவுட்டில் எழுத்து வெட்டிக்கொண்டிருப்பார். ஆங்கில எழுத்தில் பாதி நேர்கோடு. தமிழிலோ ‘ட’, ‘ப’ போல சிலதை விட்டால் மற்றது எல்லாம் வளைவு. ‘ழ’வின் வாலையும் ‘ஞ’வின் சுழியையும் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தேவை பலமல்ல, கட்டுப்பாடு.

டி ஹாண்டிலில் உங்கள் கை பலகைக்கு மேலே உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து தள்ளும்போது, மெசின் பக்கவாட்டில் சரியப் பார்க்கும். பிளேட் மேல் நுனியில் மட்டும் பூட்டப்பட்டிருப்பதால், வளைவில் அது கீழே விலகும். மேலே அழகான ‘ழ’, கீழே வேறு எழுத்து! பரலில் கை பலகைக்குக் கிட்ட இருக்கும். பேனாவைக் கீழே பிடித்து எழுதுவதுபோலத்தான். சரிவு குறையும், கோடும் கண்ணுக்குத் தெரியும்.

இந்த மெசினின் கதையும் அதையே சொல்கிறது. 1946 இல் சுவிட்சர்லாந்தில் சின்டில்லா கம்பனியின் எஞ்சினியர் அல்பேர்ட் காவ்மன், தையல் மெசினில் ஊசியைக் கழற்றிவிட்டு வாள் பிளேட்டைப் பூட்டினார். அடுத்த ஆண்டு ஜிக்சோ விற்பனைக்கு வந்தது. அம்மா தைக்கும்போது பாருங்கள், அவவின் கை துணிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். டி ஹாண்டிலில் டிரிகரை லொக் பண்ணாவிட்டால், விரலை எடுத்தவுடன் மெசின் நின்றுவிடும். முதல் தரம் பிடிக்கிறவருக்கும், சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டுக்கும் அது பெரிய பாதுகாப்பு. நேர்வெட்டு மட்டும் வெட்டுகிறவருக்கும் அது போதும். இன்னொன்று, கை அளவு. பலத்தோடு பிடிக்கிற கருவிப் பிடி கைக்குள் அடங்குகிற அளவில் இருப்பது நல்லது. பல பரல் மெசின்கள் அதைவிடத் தடிப்பு. ஆனால் ஜிக்சோவை நெரித்துப் பிடிக்கத் தேவையில்லை. உள்ளங்கையால் கீழே அமர்த்தி, மெதுவாக வழிநடத்தினால் போதும். இறுக்கிப் பிடித்தால் அதிர்வுதான் கைக்குள் கூட ஏறும். குளிர்கால கராஜில் விரைத்த விரலுக்கு அது இன்னும் கூடாது.

எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் வேறு. விழா வேலைகளில் பெண் பிள்ளைகள் கையில் பெயின்ட் பிரஷ், ஆண் பிள்ளைகள் கையில் மெசின். ஒரு பிள்ளை ஆசையாக ஜிக்சோவை எடுத்தால், “தங்கச்சி, அதை அண்ணாவிட்ட குடும்மா” என்று யாராவது சொல்லுவார்கள். அதையும் தாண்டி அவள் எடுத்தாலும், அது அவள் கைக்குப் பொருந்தாத மெசினாக இருந்தால், ஐந்து நிமிடத்தில் “எனக்கு இது வராது” என்று வைத்துவிடுவாள். வராதது அவளுக்கு அல்ல, அந்தப் பிடிக்கு. எங்கள் வீடுகளில் அம்மாவின் கத்தியை எடுத்தால் பேச்சு விழும், ஏனென்றால் அது அவவின் கைக்குப் பழகிய கத்தி. சமையலறையில் ஒத்துக்கொள்கிற நியாயத்தை கராஜிலும் ஒத்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு இது: வளைவு வெட்டுவதற்கென்றால் பரல். பழகும்வரை, பக்கத்தில் தெரிந்தவர் இல்லையென்றால், டி ஹாண்டில். ஆனால் என் சொல்லைக் கேட்டு வாங்காதீர்கள். 2013 இல் பார்க்டேலில் தொடங்கிய ரொறன்ரோ டூல் லைப்ரரி போல, கருவிகளை இரவல் தருகிற இடங்கள் இருக்கின்றன. முடிந்தால் இரண்டு வகையையும் ஒவ்வொரு கிழமை எடுத்துப் பாருங்கள்.

கடையிலேயே பார்ப்பதானால், மின்சாரம் இல்லாத மெசினை மேசையில் வைத்து மூன்று தரம் ‘ழ’ எழுதுங்கள். மணிக்கட்டு மடங்காமல் வருகிறதா? பிளேட் நிற்கிற இடம் தெரிகிறதா? பிடியை மாற்றாமல் சுவிட்சுக்கு விரல் எட்டுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதுதான் உங்கள் மெசின்.

வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. வழமையான பிளேட் மேல்நோக்கி வரும்போதுதான் வெட்டும், அதனால் சிலும்பு மேல்பக்கம் வரும். நல்ல பக்கத்தைக் கீழே போட்டு, எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றிப் பின்பக்கத்தில் வரையுங்கள். கண்ணாடி என்றதும் ஞாபகம் வருகிறது: பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுவிட்சில் கை வைக்காதீர்கள்.