'கலர் மீன்' என்பது ஒரு பெயரா?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளாகட்டும், ஊர்ப்பக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் ஒற்றைக் கடையாகட்டும், "அண்ணே, இது என்ன மீன்?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்தான். "கலர் மீன் தம்பி." "இம்போர்ட்டட்." "பாசி திங்கிற மீன், தொட்டி க்ளீனா இருக்கும்."

மூன்றும் பெயர் இல்லை. நாய் வாங்கப் போனவனிடம் "நாலு கால் பிராணி" என்று சொல்லி விற்றால் சும்மா இருப்பானா? மீன் என்றால் மட்டும் பிளாஸ்டிக் கவரில் ஊதிக் கட்டி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கேட்டால், "சின்ன மீன்தானே, பெயர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்கிறார்கள்.

என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் 'பாசி திங்கிற மீன்'. இந்த ஒரே பெயரில் குறைந்தது மூன்று வெவ்வேறு மீன்கள் விற்பனையாகின்றன. சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர், ஃப்ளையிங் ஃபாக்ஸ், சைனீஸ் ஆல்ஜி ஈட்டர். குட்டியாக இருக்கும்போது மூன்றுக்கும் ஒல்லி உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு. அவசரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும்.

வளர்ந்தால்தான் சங்கதி புரியும். சயாமீஸ் ஒழுங்காகப் பாசி தின்னும், பெரும்பாலும் யார் வம்புக்கும் போகாது. சைனீஸ் அப்படியில்லை. பெயரில்தான் சீனா, நிஜத்தில் அது தாய்லாந்து, மீகாங் பக்கத்து மீன். ஒரு அடியை நெருங்கும் வரை வளரும். வளர வளரப் பாசியில் ஆர்வம் குறைந்து, கூட இருக்கும் மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்தோல் வழவழப்பைச் சுரண்ட ஆரம்பிக்கும். சுரண்டப்பட்ட மீன் புண் வந்து சாகும். வாங்கியவர் தண்ணீரைக் குறை சொல்வார், ஃபில்டரைக் குறை சொல்வார், கடைசியில் தன் ராசியைக் குறை சொல்வார். பெயரை மட்டும் சந்தேகிக்கவே மாட்டார்!

இத்தனைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. சயாமீஸுக்குக் கறுப்புக் கோடு வால் துடுப்பின் கடைசி வரை ஓடும், மற்ற துடுப்புகள் கண்ணாடி மாதிரி இருக்கும். ஃப்ளையிங் ஃபாக்ஸுக்குக் கறுப்புக் கோட்டுக்கு மேலே பொன்னிறக் கோடு தெளிவாகத் தெரியும், துடுப்புகளில் கறுப்பு அடையாளம் இருக்கும். சைனீஸுக்கு உறிஞ்சும் வாய், கண்ணாடியில் அப்பிக்கொண்டு நிற்கும். செவுள் மூடிக்கு மேலே தண்ணீர் உள்ளிழுக்கத் தனியாக ஒரு சின்னத் துளையும் உண்டு. ஒரு நிமிடம் குனிந்து பார்த்தால் போதும்.

அடுத்து 'டேங்க் க்ளீனர்', அதாவது சக்கர் மீன். கடையில் இரண்டு அங்குலம். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த கெளுத்தி வகை என்றோ, ஒன்றரை அடி வரை போகும் என்றோ யாரும் சொல்வதில்லை. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும், இந்த மீன் முற்றினால் ஏரிக்குப் போகும். கொல்ல மனசில்லாமல் 'புண்ணியமாப் போகட்டும்' என்று கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் நீர்நிலைகளில் இது இன்று வலையில் சிக்குகிறது. கரையைக் குடைந்து வளை தோண்டும், உடம்பெல்லாம் கவசம், வலையைக் கிழிக்கும், வாங்க ஆள் கிடையாது. ஒரு பெயர்ப்பலகையில் 'ஒன்றரை அடி வளரும்' என்று எழுதியிருந்தால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்?

"வாங்குறவன்தான் பார்த்து வாங்கணும்" என்று ஒரு வாதம் வரும். வணிகச் சட்டம் படித்த பி.காம் ஆசாமிகளுக்கு இது பழகிய வசனம், கேவியட் எம்ப்டர். ஆனால் தேர்வுக்குப் படித்ததில் பாதியை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. 1930ஆம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தில் அந்தக் கொள்கை வருவது 16ஆம் பிரிவில். அதற்கு முந்தைய 15ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒரு பொருளை இன்னதென்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரணைக்குப் பொருந்தியாக வேண்டும். சயாமீஸ் என்று சொல்லி சைனீஸைக் கொடுப்பது 'சின்னத் தப்பு' இல்லை, விற்பனை ஒப்பந்தத்தின் நிபந்தனையையே மீறுவது. 'கலர் மீன்' என்று பில் போடுவதன் வசதியும் இங்கேதான் இருக்கிறது. எதையும் விவரிக்காவிட்டால் எதற்கும் பொறுப்பில்லை!

"அறிவியல் பெயரே அடிக்கடி மாறுதே, அதை நம்பி என்ன பயன்?" என்பது அடுத்த வாதம். மாறுகிறதுதான். 'மிஸ் கேரளா' என்று விற்கப்படும் சிவப்புக் கோட்டு மீனையே எடுத்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்குச் சொந்தமான மீன். 1865ல் ஃபிரான்சிஸ் டே இதை விவரித்து, அப்போதைய சென்னை கவர்னர் வில்லியம் டெனிசன் பெயரை வைத்தார். வெகுகாலம் புன்டியஸ் டெனிசோனி என்று இருந்தது, 2013ல் சஹ்யாத்ரியா டெனிசோனி ஆனது.

ஆனால் பெயர் ஏன் மாறுகிறது? விஷயம் கூடுதலாகத் தெரிய வருவதால். 1999ல் சாலக்குடி ஆற்று மீன் தனி இனம் என்று கண்டறிந்து புன்டியஸ் சாலக்குடியென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். முதுகுத் துடுப்பில் கறுப்புத் திட்டு இருப்பது அதன் அடையாளம். அதுவரை இரண்டும் ஒரே மீனாகத்தான் விலை போயின. ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியல் இரண்டையுமே அழியும் ஆபத்தில் உள்ளவையாகச் சேர்த்தது. ஒரே ஒரு ஆற்றை நம்பி வாழும் இனமும், பல ஆறுகளில் வாழும் இனமும் ஒரே பெயரில் போனால், எது குறைகிறது என்று யாருக்குத் தெரியும்?

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2005க்கும் 2012க்கும் இடையில் இந்தியாவிலிருந்து ஆபத்திலுள்ள 30 நன்னீர் மீன் இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் ஏற்றுமதியானதாக ஆய்வாளர்கள் 2013ல் கணக்குச் சொன்னார்கள். அதில் பெரும் பங்கு வகித்தவற்றில் இந்தச் சிவப்புக் கோட்டு மீன்களும் உண்டு. எந்த வியாபாரத்திலும் சரக்கின் பெயரே தெரியாமல் ஸ்டாக் எடுக்க முடியாது. ஆறும் ஒரு குடோன்தான், என்ன, தீர்ந்துபோனால் மறுபடி ஆர்டர் போட முடியாது.

கடைப்பெயர் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு மியான்மரிலிருந்து ஓர் உதாரணம். 2006ல் அங்கிருந்து ஒரு குட்டி மீன் சந்தைக்கு வந்தது. இரண்டு செ.மீ.தான், நீல உடம்பில் முத்துப் புள்ளிகள். வியாபாரிகள் 'கேலக்ஸி ரஸ்போரா' என்று பெயர் சூட்டி விற்றார்கள். அறிவியல் பெயர் கிடைத்தது 2007ல். 2008ல் டேனியோ பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அதாவது ரஸ்போரா என்ற பெயரே தப்பு! பெயர் கிடைப்பதற்கு முன்பே, அளவுக்கு மீறிப் பிடித்து அழித்துவிடுவார்களோ என்ற கவலை எழுந்தது. நல்லவேளை, பிறகு வேறு இடங்களிலும் இருப்பது தெரிந்தது, தொட்டியிலும் குஞ்சு பொரித்தது. எல்லா மீனுக்கும் இந்த அதிர்ஷ்டம் இருக்காது.

"செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக் கேட்டா யாராவது சொல்லிடுவாங்க" என்பவர்களும் உண்டு. நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லப்படும் பதில் பாதி ஜோசியம்தான். கடையின் நீல விளக்கில் எந்த மீனும் நியான்தான். குட்டிக்கு ஒரு நிறம், வளர்ந்ததற்கு ஒரு நிறம். போதாததற்கு, நம்மூர்க் கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றிப் புது ரகம் மாதிரி விற்ற கொடுமையும் நடந்திருக்கிறது. பார்க்க வேண்டியது வேறு: வாய் மேல்நோக்கியா, கீழ்நோக்கியா? மீசை உண்டா, எத்தனை? முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சின்னச் சதைத் துடுப்பு உண்டா? (பெரும்பாலான டெட்ராவுக்கு இருக்கும், பார்புக்கு இருக்காது.) கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? எல்லாவற்றுக்கும் மேல், எந்த ஊர்த் தண்ணீரிலிருந்து வந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் போட்டோவில் பதில் கிடைக்காது, விற்றவரிடம்தான் கிடைக்கும்.

சின்னக் கடைக்காரர் பாவம், மொத்த வியாபாரி பெயர் சொல்லாமல் அனுப்பினால் அவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் 'பெயர் தெரியாது' என்று எழுதி ஒட்டட்டும், அதுவே நேர்மை. தெரிந்த மீனுக்கு மூன்று வரி போதும்: அறிவியல் பெயர், முழு வளர்ச்சியில் நீளம், ஆற்றில் பிடித்ததா பண்ணையில் வளர்த்ததா. ஒரு சாக்பீஸ் செலவு.

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துத் தயாரித்த தேதி தேடுகிற ஜனங்கள், உயிருள்ள ஒன்றை வாங்கும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. அவர்கள் கேட்காதவரை கடையில் யாரும் சொல்லப்போவதில்லை. "அண்ணே, இது என்ன மீன்?" என்று கேட்பதோடு நிற்காமல், பதில் வராவிட்டால் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரப் பழக வேண்டும். நாலு பேர் அப்படி வந்தால் ஐந்தாவது ஆள் வருவதற்குள் தொட்டியில் பெயர் ஒட்டியிருக்கும்.