பற்றும் வரவும்

உத்திரமேரூர்ப் பக்கம் காவாந்தண்டலத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண் பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுத்திருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்குக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கண் கலங்க உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி கண்ணு?" என்றேன்.

"பணம் வந்தால் வரவுதானே, அத்தை? ரொக்கக் கணக்கில் அதைப் பற்று என்கிறார்களே! வேறு குரூப்புக்கு மாறிவிடலாம் போலிருக்கிறது."

நியாயமான சந்தேகந்தான். பிறந்தது முதல் 'வரவு, செலவு' என்று கேட்டு வளர்ந்த குழந்தை வேறு எப்படி நினைக்கும்?

2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒரு குறியீடு அச்சிட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செல்போனில் அதைக் காட்டினால் பாடம் படமாக ஓடும். 2019-ல் அரசின் கல்வித் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. "இதையெல்லாம் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வீட்டில் ஒரே போன், அத்தை. அப்பா வந்ததும் தம்பி எடுத்துக்கொள்வான்" என்றாள் மெதுவாக.

தம்பியிடமிருந்து போனை வாங்கி ஒரு பாடத்தைப் போட்டேன். பணம் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கம் போய் உட்கார்ந்தது. படம் அழகுதான். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. படத்துக்கு நம் சந்தேகம் தெரியாதே! அது பாட்டுக்கு ஓடுகிறது.

அப்போது அவள் அம்மா மளிகைக்கடைப் பற்று நோட்டைக் கொண்டுவந்து போட்டாள். "நாம சாமான் வாங்கினா கடைக்காரர் நம்ம பேரிலே என்ன எழுதறார்?"

"பற்று."

"ஏன்?"

"வாங்கிக்கொண்டது நாம்..." பெண் துள்ளி எழுந்தாள். "அப்படியானால் பணப்பெட்டியும் ஓர் ஆள் மாதிரி! பணத்தை வாங்கிக்கொண்டால் அதன் பேரில் பற்று!"

மறுபடி அதே படத்தைப் போட்டோம். இப்போது அவளே எனக்கு விளக்கினாள்!

துறைமுகம், பங்குச் சந்தை, பெரிய கிடங்கு இவற்றையெல்லாம் கிராமத்துப் பெண்ணுக்குக் காட்டப் படத்தை விட்டால் வழியில்லை. ஆனால் பாடம் மனசில் ஒட்டுவதற்கு வீட்டுச் சாமான் ஒன்று வேண்டும்.

அந்தப் பக்கத்து உத்திரமேரூரிலேயே பெரிய பாடம் ஒன்று கல்லில் இருக்கிறது. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பதவிக்கு வரக் கூடாது என்கிறது. கணக்கு எதற்கு என்பதை இதைவிட நன்றாக எந்தப் படம் சொல்லும்?

உங்கள் வீட்டிலும் வணிகவியல் படிக்கும் பெண் இருக்கிறாளா? தினம் அரை மணி போனை அவளுக்கென்று ஒதுக்குங்கள். நடுவில் படத்தை நிறுத்தி, "எனக்குச் சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். பிறகு வீட்டுச் செலவைப் பேரேடு போட்டு அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக் கணக்கும் ஒழுங்காகும்; பெண்ணும் குரூப் மாற மாட்டாள்!